எதிர்காலத்தை அடக்கம் செய்த வரலாறு

பள்ளி என்பது பிள்ளைகள் பயிலும் இடம் என்னும் எளிய கருத்து எங்கள் ஊரில் நெடுங்காலம் நிலவி வந்தது. கிளீவ்லாந்துக்குக் கிழக்கே, ஏரிக்காற்று நேராக வந்து முகத்தில் அறையும் எங்கள் புறநகரில், திஃபெரெத் யோனா யூதப் பள்ளியை நிறுவிய முன்னோரும் அவ்வாறே கருதினர். அவர்கள் கப்பலில் அகதிகளாக வந்து இறங்கியவர்கள். ஆலோசகர்கள் எவரையும் அறியாதவர்கள். ஆகையால் அப்பிழை மன்னிக்கத்தக்கது. பள்ளி என்பது எதிர்காலம் திட்டமிடப்படும் இடமாகும். பிள்ளைகள் அதில் தற்காலிகமாகத் தங்கியிருப்போர் ஆவர். இவ்வுண்மையை ஐயமற நிறுவிய பெருமை தற்போதைய நிர்வாகக் குழுவையும் அதன் தலைவர் திரு. லியோபோல்ட் வைஸ்பிளாட் அவர்களையுமே சாரும்.

வைஸ்பிளாட் நெடுங்காலம் மெத்தைக் கடைகள் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மனுஷனோட ஆயுசுல மூணுல ஒரு பங்கு என் மெத்தை மேலதான் போச்சு. மிச்ச ரெண்டு பங்கையும் பாத்துக்கலாம்னு வந்திருக்கேன்" என்று பதவியேற்ற அன்று கூறினார். அனைவரும் கைதட்டினர். கூற்றின் பொருள் பின்னரே விளங்கியது.

இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்து, அவற்றுக்காகக் கட்டிய கூரை வேய்ந்த குடில்களை நாங்கள் பிரித்து மடக்கி வைத்த வாரத்தில், 'இரண்டாயிரத்து ஐம்பதை நோக்கி' என்னும் திட்டப்பணி தொடங்கியது. திட்டக் குழுவினர்க்கு ஓர் அறை தேவைப்பட்டது. கட்டடம் முழுவதையும் சுற்றிப் பார்த்த பின்னர், மூன்றாம் வகுப்பின் அறையைத் தேர்ந்தெடுத்தனர். அவ்வறையில் வரைபடங்கள் ஒட்டுவதற்கு நீண்ட சுவர் இருந்தது. கதவு இடைவெளியின்றிச் சாத்திக்கொண்டது. ஆழ்ந்து சிந்திப்போர்க்கு அமைதி இன்றியமையாதது அன்றோ? இரண்டு வாரங்கள் மட்டும் என்று சொல்லி, மூன்றாம் வகுப்பை விளையாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட நடைபாதைக்கு மாற்றினர். ஒரு பக்கம் பந்து தரையில் மோதும். மறுபக்கம் ரொட்டி மாவு பிசையும் பெரிய இயந்திரம் உறுமும். இவ்விரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் எபிரேயம் வாசித்தனர்.

அவ்வகுப்பில் ஷிஃப்ரா என்ற சிறுமி இருந்தாள். அவளுக்கு வலது காது கேளாது. இடது காதில் சிறு கருவி ஒன்று அணிந்திருப்பாள். அக்கருவி நேர்மையானது, எந்த ஒலிக்கும் சலுகை காட்டாது. அமைதியான அறையில் ஆசிரியையின் குரலைத் தெளிவாகக் கொண்டு சேர்க்கும். நடைபாதையிலோ பந்தையும் இயந்திரத்தையும் ஆசிரியையையும் சரிசமமாகக் கொண்டு வந்து கொட்டும்.

அவள் தந்தை பெசலேல் ஃப்ருக்டர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனம் அமைதியிழந்தால் கையில் அகப்பட்ட கண்ணாடியை எடுத்துத் துடைப்பது அவர் வழக்கம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் எல்லோருடைய கண்ணாடியும் பளபளவென்று இருந்தது.

"இன்னிக்கு மோரா என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று ஒரு மாலை அவர் மகளைக் கேட்டார். எங்கள் பிள்ளைகள் ஆசிரியையை மோரா என்றே அழைப்பர்.

"தெரியாதுப்பா."

"கவனிக்கலையா?"

"கவனிச்சேனே. மாவு மெஷின் என்ன சொல்லுச்சுன்னு கேளு, அப்படியே சொல்றேன்."

பெசலேல் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மனைவி ரைஸலின் கண்ணாடியையும் வாங்கித் துடைத்தார். "கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு. போய் ரப்பியப் பாருங்க" என்றாள் அவள்.

பள்ளியின் முதல்வரும் மதகுருவுமான ரப்பி ஹெர்ஷ்கோவிட்ஸ் மிகுந்த கருணை உடையவர். யார் எது சொன்னாலும் தலையசைப்பார்; அவ்வசைவு மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதை மட்டும் எவராலும் கண்டறிய இயலாது.

"பெசலேல், அறை, கதவு, செவுரு இதெல்லாம் நிர்வாகம். நான் கல்வி. பாடத்துல என்ன இருக்கணும்னு நான் சொல்லலாம். பாடம் எங்க நடக்கணும்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப வைஸ்பிளாட்கிட்ட கேக்கறேன் ரப்பி."

"ஐயோ, கேட்டுடாதீங்க! போன வருஷம் ஒருத்தர் பாத்ரூம் பைப்பு ஒழுகுதுன்னு கேட்டார். இப்ப அவர்தான் பொருளாளர்."

"பைப்பு?"

"இன்னும் ஒழுகுது. ஆனா அவர் கேக்கறத நிறுத்திட்டார்."

பெசலேல் கேட்டார். அவ்வாரமே அவர் நிர்வாகக் குழுவின் உறுப்பினர் ஆக்கப்பட்டார். புதிதாகச் சேர்பவரே செயலராகிக் கூட்டக் குறிப்புகளை எழுத வேண்டும் என்பது மரபாதலால், முதல் கூட்டத்திலேயே ஒரு பேனாவும் கையில் கொடுக்கப்பட்டது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் வகுப்பின் அறையில் நடந்தது. பிள்ளைகளின் சிறு நாற்காலிகளில் பெரியோர் முழங்கால் முகவாயைத் தொட அமர்ந்திருந்தனர். வைஸ்பிளாட் எழுந்தார்.

"நண்பர்களே! மத்த பள்ளிக்கூடமெல்லாம் இன்னிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கு. அந்தத் தப்ப நாம பண்ண மாட்டோம்!"

கைதட்டல் அடங்கியதும் பெசலேல் எழுந்தார். "என் பொண்ணோட வகுப்பு நடைபாதையில நடக்குது. அவளுக்கு எதுவும் கேக்க மாட்டேங்குது. இந்த அறையைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா…"

"எந்த வருஷத்துல?" என்று வைஸ்பிளாட் அன்போடு கேட்டார்.

"இப்ப."

"இப்பங்கறது திட்டத்துலயே இல்லையே பெசலேல். முதல் பக்கம் பாருங்க. திட்டம் அடுத்த வருஷம்தான் ஆரம்பிக்குது." பின்னர் தோளில் தட்டி, "கவலப்படாதீங்க. இன்னும் ஒரே ஒரு வரைவு. முடிஞ்சதும் அறை உங்களுக்குத்தான்" என்றார்.

வரைவுகள் ஏன் முடிவதில்லை என்பதை இங்கு விளக்குதல் தகும். நிர்வாகக் குழுவினர் யாவரும் அலுவல் மிகுந்தோர். வாரத்தில் அவர்கள் எதையேனும் வாசிக்கக்கூடிய ஒரே நாள், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை நீளும் எங்கள் ஓய்வு நாளான சபாத் ஆகும். சபாத்தன்று கணினியையோ கைப்பேசியையோ நாங்கள் தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திட்டம் முழுவதும் தாளில் அச்சிடப்பட்டு, ஒவ்வோர் உறுப்பினர் வீட்டு வாசலிலும் வைக்கப்பட்டது. சபாத்தன்று எழுதுதலும் கூடாது. ஆகவே திருத்தம் தோன்றிய இடத்தில் உறுப்பினர்கள் தாளின் முனையை மடித்து வைத்தனர். மடிப்பதும் கூடுமா என்ற வினா எழுந்தபோது, ரப்பி ஹெர்ஷ்கோவிட்ஸ் இரண்டு நாள் ஆராய்ந்து, நகத்தால் அழுத்தாமல் மென்மையாக மடிக்கலாம் என்று தீர்ப்பளித்தார். மாலை வானில் விண்மீன்கள் தோன்றிச் சபாத் நிறைவுறும்போது உறுப்பினர்களிடம் மடித்த முனைகள் இருக்கும். மடித்த காரணம் இராது.

ஞாயிறு காலைக் கூட்டம் அக்காரணங்களைத் தேடுவதற்கு உரியது.

"ஆடெல் ரோஸ்னர் பதினாலாம் பக்கத்த ரெண்டு தடவ மடிச்சிருக்காங்க" என்றார் பொருளாளர்.

"ரெண்டு தடவன்னா பலமான எதிர்ப்பு" என்றார் வைஸ்பிளாட்.

"முதல்ல எதிர்த்துட்டு, அப்புறம் அந்த எதிர்ப்பையே எதிர்த்திருக்கலாமே?"

திருமதி ரோஸ்னர் குழுவிலேயே மூத்தவர். வாய்க்குப் பூட்டு இல்லாதவர். "யப்பா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அது மேல என் பூனை படுத்திருந்துச்சு. அது மடிச்சிருக்கும்" என்றார்.

எனினும் மடிப்பு மடிப்பே எனத் தீர்மானிக்கப்பட்டு, பதினான்காம் பக்கம் முற்றிலும் மாற்றி எழுதப்பட்டது. புதிய வரைவு வெள்ளிக்கிழமை அச்சாகி வாசல்தோறும் போய்ச் சேர்ந்தது. பழைய வரைவுகள் குப்பைக்குச் சென்றன. இந்நிலை நீடித்திருப்பினும் அறை என்றேனும் ஒருநாள் காலியாகியிருக்கும். அதைக் கெடுத்தவர் பெசலேல்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் ஆதலால் சிறிய எழுத்துகளை விட்டுவைக்க அவரால் முடியாது. ஒரு ஞாயிறு, மடிப்புகள் பற்றிய விவாதத்தின்போது, கால்கள் தாமாக ஆடிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தின் தலைப்பில் இருந்த புதிய சின்னத்தை உற்றுநோக்கினார். ஒரு விளக்கு; அதன் மேல் சுடர்; சுடரைச் சுற்றிப் பொடியாக எபிரேய எழுத்துகள். அச்சின்னத்தைத் தொலைவிலுள்ள ஓர் ஓவியர் வரைந்து அனுப்பியிருந்தார். அதை ஏற்பதற்காக நடந்த கூட்டத்தில் சுடர் நீலமா, மஞ்சளா என்பதிலேயே பொழுது முழுதும் போயிற்று. எழுத்துகளை எவரும் வாசிக்கவில்லை.

"ரப்பி," என்றார் பெசலேல், "இதுல பேரு முழுசா இருக்கே?"

கடவுளின் பெயரை நாங்கள் வாயால் உச்சரிப்பதில்லை. கண்ட இடத்தில் முழுமையாக எழுதுவதுமில்லை. எழுதப்பட்டுவிட்டால் அத்தாளைக் குப்பையில் இடலாகாது. கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் அடக்கம் செய்தல் வேண்டும். ரப்பி தாளைக் கண்ணருகே கொண்டு சென்றார். பெசலேல் துடைத்துக் கொடுத்த கண்ணாடியை அணிந்து மறுபடியும் பார்த்தார். பிறகு மேலங்கியைக்கூட மாட்டாமல் வாகன நிறுத்தத்துக்கு ஓடினார். நிர்வாகக் குழு முழுவதும் பின்னால் ஓடியது. அன்று முற்பகல் எங்கள் ஊரின் பெருமக்கள் குப்பைத் தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நின்று, எதிர்காலத்தைப் பக்கம் பக்கமாக வெளியே எடுத்தனர்.

மீட்ட தாள்கள் அனைத்தும் அட்டைப் பெட்டிகளில் இடப்பட்டன. பெட்டிகளைக் கண்ணியமான இடத்தில் வைக்க வேண்டும் என்றார் ரப்பி. நன்றாகச் சாத்திக்கொள்ளும் கதவுடைய அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

பெசலேல் பதறிப்போய், "சரி, ஆனது ஆச்சு. இனிமே அந்தப் பேரைத் தலைப்புலேர்ந்து எடுத்துட்டு அச்சடிக்கலாமே?" என்றார்.

வைஸ்பிளாட் குறிப்பேட்டைத் தம் பக்கம் இழுத்தார். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இத எப்படித் தீர்மானமா எழுதறது? நம்ம பள்ளியோட எதிர்காலத்துலேர்ந்து கடவுள நீக்கணும்னா? எழுதிட்டு ஓட்டுக்கு விடறேன். யார் யார் கை தூக்கறீங்க?"

எவரும் தூக்கவில்லை. உயர்த்திய தம் கையையும் பெசலேல் பாதியில் திருப்பித் தலையைச் சொறிந்துகொண்டார். தீர்மானம் தோற்றது. கடவுள் பள்ளியின் எதிர்காலத்தில் ஒருமனதாக நிலைத்தார். வெள்ளிதோறும் அச்சாகி, ஞாயிறுதோறும் பெட்டிக்குள் சென்றார்.

பெசலேல், ஊரில் இறந்தோரை அடக்கம் செய்யும் அடக்கச் சங்கத்தின் பெரியவரைத் தேடிப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் சிரித்தார். "தரை கல்லாட்டம் கெட்டிச்சுக் கெடக்கு. மனுஷங்களுக்கே மெஷின் வச்சுத்தான் தோண்டறோம். உங்க திட்டம் கொஞ்சம் பொறுக்கட்டுமே, அது எதிர்காலம்தானே? பனி உருகட்டும்."

பனி உருகவில்லை. பெட்டிகள் சன்னல் வரை எழுந்தன.

குளிரின் உச்சத்தில் சிகாகோவிலிருந்து ஆலோசகர் அம்மையார் ஒருவர் வரவழைக்கப்பட்டு, ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் நாள் முழுதும் சிந்தனை முகாம் நடந்தது. மதிய உணவுக்கு இறைச்சி பரிமாறப்பட்டது. இறைச்சிக்குப் பின் பால் கலந்த காபி அருந்த எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு வழக்கம் இருந்தமையால், பிற்பகலில் சிலர் விழிப்பாகவும் மற்றவர் உறக்கத்திலும் இருந்தனர். ஆலோசகர் மஞ்சள் நிறச் சிறு தாள்களை நீட்டி, "உங்க குழந்தைக்கு என்ன வேணும்? ஒரே வரியில எழுதுங்க" என்றார்.

பெசலேல் உடனே ஒரு தாளை வாங்கிக்கொண்டார். பல மாதங்களில் முதன்முறையாக ஒருவர் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். 'என் மகளுக்கு ஆசிரியை பேசுவது கேட்க வேண்டும்' என்று எழுதினார்.

ஆலோசகர் அதை உரக்க வாசித்தார். கண் கலங்கினார். "கேட்டல்! எவ்வளவு ஆழமான சொல்!" என்றார்.

"ஆழமெல்லாம் இல்லம்மா. நடைபாதையில சத்தம்…"

"ஷ்ஷ்," என்றார் வைஸ்பிளாட், "அவங்க பேசறாங்க, கேளுங்க."

இவ்வாறாகத் திட்டத்தின் கொள்கைத் தூண்களில் ஐந்தாவது பிறந்தது. 'செவிமடுக்கும் பள்ளி' என்பது அதன் பெயர். பள்ளியின் தலைமை மாடங்களில் அமராது, குரல்கள் எழும் இடத்திலேயே அமர்ந்து செவிமடுக்கும் என்ற வாக்கியத்தை வைஸ்பிளாட் தாமே இயற்றினார். அதனை நடைமுறைப்படுத்தச் செவிமடுக்கும் அமர்வுகள் அறிவிக்கப்பட்டன. முதல் அமர்வு பள்ளி நடைபாதையில் நடந்தது. நிர்வாகத்தினர் பேசுவது தெளிவாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகப் பந்தும் மாவு இயந்திரமும் நிறுத்தப்பட்டன. மூன்றாம் வகுப்பும் நிறுத்தப்பட்டது.

மாசி மாதக் காற்று சன்னல்களை உலுக்கிய ஒரு மாலையில் ஷிஃப்ராவின் ஆசிரியை மோரா யிஸ்கா கடைக்கு வந்தார். இளையவர், குரல் எப்போதும் கம்மியிருக்கும், நடைபாதையில் கத்திக் கத்தி வந்த கம்மல் அது.

"பெசலேல் ஐயா, ஷிஃப்ரா இப்ப கை தூக்கறதே இல்ல. பண்டிகைக்கு முன்னாடியெல்லாம் கேள்வி முடியறதுக்குள்ள எந்திரிச்சு நிப்பா. இப்ப சன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கா. அவ மக்கு இல்ல, நான் சொல்றது அவகிட்ட போய்ச் சேரல. அதத்தான் அறிக்கையில எழுதினேன். ஆனா தேர்ச்சிக் குழு பெசாக் பண்டிகை லீவுக்கு அப்புறம் கூடுவாங்க. அவங்க மதிப்பெண்ணத்தான் பாப்பாங்க. மூணாம் வகுப்பையே திரும்பப் படிக்கச் சொல்லிடுவாங்க."

"எந்த மூணாம் வகுப்பு? அதுக்குத்தான் அறையே இல்லையே!"

பெசலேல் மோரா யிஸ்காவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டில் ரைஸல் முன்னரே முடிவு செய்திருந்தாள். "அரசுப் பள்ளியில பேசிட்டேன். அங்க கம்பளம் போட்ட அறை, சின்ன வகுப்பு. பெசாக் முடிஞ்சதும் சேத்துக்கறாங்களாம். நீங்க உங்க தூணக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுடி."

"ரெண்டு வாரம்தானே? அக்டோபர்லயும் அதத்தான் சொன்னீங்க."

ஷிஃப்ரா அடுக்களை வாயிலில் நின்றிருந்தாள். வீடு அமைதியாக இருந்தமையால் அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "அந்தப் பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழம எல்லாரும் சேந்து சபாத்துக்கு ஜடை மாதிரி ஹல்லா ரொட்டி பின்னுவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

பெசலேல் எழுந்து போய் வாசற்படியின் பனியை வாரினார். அது முன்னரே வாரப்பட்டிருந்தது.

புளித்த ரொட்டி விலக்கப்படும் எங்கள் வசந்தகாலப் பண்டிகையான பெசாக்குக்குச் சில நாள்கள் முன்னதாகத் தரை இளகியது. அடக்கச் சங்கத்தின் பெரியவர் ஆள் அனுப்பினார். தற்செயலாக அதே வாரத்தில் திட்டமும் நிறைவு பெற்றது. அந்தச் சபாத்தன்று ஒரு முனையும் மடிக்கப்படவில்லை; திருமதி ரோஸ்னரின் பூனை மகள் வீட்டுக்குச் சென்றிருந்தது. இறுதி வரைவு கைதட்டலோடு ஏற்கப்பட்டது.

புதன்கிழமை காலை பெட்டிகள் சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டன. நிர்வாகக் குழுவினரும் நன்கொடையாளரும் கறுப்பு மேலங்கிகளில் கல்லறைத் தோட்டத்தில் கூடினர். பெசலேல் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுப் பள்ளியிலேயே தங்கிவிட்டதால், குழியருகே வைஸ்பிளாட் ஆற்றிய உரையைப் பிறர் சொல்லவே அறிந்தோம்.

"நண்பர்களே, இது அடக்கம் இல்ல, அடித்தளம்!" என்றாராம் வைஸ்பிளாட். "நம்ம எதிர்காலத்த இவ்வளவு ஆழமா எந்தப் பள்ளியும் எடுத்துட்டுப் போனதில்ல!" குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாராம். பலர் கண்ணீர் விட்டனர். ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் இட்டனர்.

குழி மூடப்பட்ட பின்னரே பொருளாளர் மெல்ல வினவினார்: "இறுதி வரைவு யார்கிட்ட இருக்கு?"

அனைவரும் அனைவரையும் பார்த்தனர். பெயர் பொறித்த தாள் ஆதலால் ஒவ்வொருவரும் தம் படியைப் பயபக்தியோடு பெட்டியில் சேர்த்திருந்தனர். கணினியில் இருக்குமே என்றார் ஒருவர். கணினியில் இருந்தது. அங்கிருந்த கோப்புகள் அனைத்துக்கும் 'இறுதி' என்றே பெயரிடப்பட்டிருந்தது. எது உண்மையில் இறுதி என்பதை எவராலும் கூற இயலவில்லை.

"பரவாயில்ல. புதுசா ஆரம்பிப்போம். இப்பவே. அறைக்கு வாங்க!" என்றார் வைஸ்பிளாட். அவர் முகம் இளமை பெற்றதாகக் கூறுவர்.

அவர்கள் திரும்பியபோது மூன்றாம் வகுப்பின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன் பெசலேல் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவரும் மோரா யிஸ்காவும் மேசைகளை உள்ளே தூக்கிப் போட்டு முடித்துச் சற்று நேரமே ஆகியிருந்தது.

"கொஞ்சம் நகருங்க பெசலேல். ரெண்டே வாரம்" என்றார் வைஸ்பிளாட்.

பெசலேல் கதவில் சாய்ந்துகொண்டார். அம்மாதங்களில் எல்லா வரைவுகளையும் வாசித்திருந்தவர் எங்கள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். "தலைவரே, அஞ்சாவது தூண் என்ன சொல்லுது? தலைமை எங்க உக்காரணும்?"

வைஸ்பிளாட்டின் கை கதவுப்பிடியை எட்டாமல் நின்றது. தாமே இயற்றிய வாக்கியத்தை மறுத்தவர் எங்கள் நிர்வாகத்தின் வரலாற்றில் எவரும் இலர். நன்கொடையாளர்களும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். "குரல்கள் எழும் எடத்துல" என்றார் மெதுவாக.

"நாற்காலியெல்லாம் அங்க போட்டுட்டேன்" என்றார் பெசலேல்.

புதிய திட்டத்தின் முதல் கூட்டம் நடைபாதையில் கூடியது. விளையாட்டுக் கூடத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பந்தைத் தரையில் அறைந்துகொண்டிருந்தனர். சமையலறையில் பெசாக்குக்கு முந்தைய கடைசி ரொட்டி மாவு இயந்திரத்தில் விழுந்தது. வைஸ்பிளாட் வாய் திறந்து மூடினார், கைகளை விரித்தார். கைகள் விரிந்ததால் அனைவரும் கைதட்டினர். பொருளாளர் ஏதோ சொன்னார். மற்றவர்கள் ஆழ்ந்து தலையசைத்தனர். ஒருவர் கூறுவது மற்றவருக்குக் கேளாமையால் கருத்து வேற்றுமை என்பது முற்றிலும் ஒழிந்தது. இத்துணை ஒற்றுமையான கூட்டத்தை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

செயலர் என்ற முறையில் பெசலேல் எழுந்தார். வழக்கமான குரலில், கூட்டாமல் குறைக்காமல், இரண்டு தீர்மானங்களை வாசித்தார். மூன்றாம் வகுப்பின் அறை மூன்றாம் வகுப்புக்கே உரியது, நிர்வாகம் அதை இனி எக்காரணத்தாலும் எடுத்துக்கொள்ளாது என்பது முதலாவது. பள்ளியின் தாள்களில் அந்தப் பெயர் இனி அச்சிடப்படாது என்பது இரண்டாவது. வாசித்து முடித்துக் கையை உயர்த்திக் காட்டினார். இம்முறை கை பாதியில் திரும்பவில்லை.

"என்ன சொல்றார்?" என்று திருமதி ரோஸ்னர் பொருளாளரின் காதில் கத்தினார்.

"அடக்கம் நல்லா நடந்துச்சாம்!"

"ஆமாமா, ரொம்ப நல்லா நடந்துச்சு!" என்று சொல்லித் திருமதி ரோஸ்னர் கை உயர்த்தினார். பொருளாளர் உயர்த்தினார். வைஸ்பிளாட் இரு கைகளையும் உயர்த்தினார். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின.

கூட்டக் குறிப்புகள் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வாசல்தோறும் சென்றன. அவற்றின் தலைப்பில் விளக்கு மட்டுமே இருந்தது. சபாத் மதியம் வைஸ்பிளாட் அவற்றை வாசித்ததாகவும், சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததாகவும், ஒரு முனையை நகத்தால் அழுத்தி மடித்ததாகவும், அவ்வாறு மடிக்கலாகாது என்று உடனே தம்மைத் தாமே கண்டித்துக்கொண்டதாகவும் அவர் மனைவி பின்னர் என் மனைவியிடம் கூறினாள். ஞாயிறு காலை அவர் அந்த மடிப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு மடிச்சேன்?"

"பூனையா இருக்கும்" என்றார் திருமதி ரோஸ்னர்.

"எங்க வீட்டுல பூனை கெடையாதே!"

எனினும் காரணம் தென்படவில்லை. குறிப்புகளில் வைஸ்பிளாட் கையொப்பமிட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, தீர்மானம் நிறைவேறிய மறுநாளான வியாழன் மாலை, ஷிஃப்ரா புத்தகப்பையோடு நேரே கடைக்கு வந்தாள். பெசலேல் யாருடைய கண்ணாடியையும் துடைக்கவில்லை. கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"இன்னிக்கு நான் கை தூக்கினேன்ப்பா."

"அப்படியா! எதுக்குத் தூக்கின?"

ஷிஃப்ரா தந்தையை விசித்திரமாகப் பார்த்தாள். கை உயர்த்துவதற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

"மோரா கேட்ட கேள்வி எனக்குக் கேட்டுச்சு. அதான்."